பாய்ப்படகுக் கப்பிகள்: எதை வாங்குவது, எதைப் பட்டறையில் கடைவது

போன வருடம் நானும் ஒரு நண்பனும் காசைப் போட்டு ஒரு பழைய என்டர்பிரைஸ் ரகச் சிறு பாய்ப்படகு வாங்கினோம். கொழும்புக்குத் தெற்கே பொல்கொட வாவிக் கரையில், ஒரு கொட்டிலுக்குள், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. உடம்பில் குறை சொல்ல முடியாது, பாய்கள் ஒட்டுப்போட்டால் இன்னும் இரண்டு வருடம் தாங்கும். கப்பிகள்தான் கதையைக் கெடுத்தன. ஒன்று சுற்றவே சுற்றாது, ஒன்றின் கன்னம், அதாவது உருளையை மூடும் பக்கச் சுவர், வெடித்திருந்தது, இன்னொன்றை யாரோ கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று மாற்ற வேண்டும்: பெரிய பாயை இழுக்கும் மெயின்ஷீட்டில் நாலு, பெரிய பாயின் அடியில் இருக்கும் கழியான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கரில் மூன்று, முன்பாய்க்கு இரண்டு, பாயின் அடிவிளிம்பையும் முன்விளிம்பையும் இறுக்கும் சின்னக் கயிறுகளுக்கு இரண்டு.

வெளிநாட்டுக் கடையொன்றின் தளத்தில் பதினொன்றையும் கூடையில் போட்டு, அனுப்புகூலியும் சுங்கத்தீர்வையும் கூட்டிப் பார்த்தேன். படகு வாங்கின விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாவில் நின்றது, மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு நம்மில் பலருக்கு வெளிநாட்டுச் சாமான் என்றாலே முதலில் கல்குலேட்டரை எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. சரி, உள்ளூரில் என்ன கிடைக்கும், எதைச் செய்விக்கலாம் என்று இறங்கினோம். ஆறு மாதம் ஓடியது. எங்களைப் போல யாராவது இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எதை வாங்கினாலும் குருட்டு வேலைதான். ஹார்கன் போன்ற கப்பி செய்யும் நிறுவனங்கள் முன்பாய்க் கயிற்றுக்குச் சொல்லும் ஒரு சூத்திரம் இருக்கிறது: பாயின் பரப்பு சதுர அடியில், காற்றின் வேகம் நொட்டில் (மணிக்கு ஒரு கடல் மைல்), வேகத்தை வர்க்கமாக்கிப் பரப்பால் பெருக்கி அதை 0.00431 ஆல் பெருக்கினால் கயிற்றில் விழும் பாரம் இறாத்தலில் வரும். என்டர்பிரைஸின் முன்பாய் 33 சதுர அடி, 20 நொட் காற்றில் 57 இறாத்தல், அதாவது 26 கிலோ. பெரிய பாய் 80 சதுர அடி. இந்தச் சூத்திரம் அதற்கென்று எழுதியதல்ல, இருந்தாலும் பருமட்டாகப் போட்டால் 63 கிலோ வருகிறது. காற்று இரண்டு மடங்கானால் பாரம் நாலு மடங்கு. தை மாசிக் காற்றில் ஆடாமல் நிற்கும் சாமான் வைகாசியில் தென்மேற்குக் காற்று எழும்பியதும் முறிவது இதனால்தான்.

இதில் பலர் மறக்கிற ஒன்று, கயிற்றில் உள்ள பாரமும் கப்பியில் விழும் பாரமும் ஒன்றல்ல. கயிறு போய் அப்படியே திரும்பி வந்தால், அதாவது 180 பாகை வளைந்தால், கப்பியைப் பிடித்திருக்கும் ஆணிக்கு இரண்டு மடங்கு பாரம். 90 பாகையில் 1.41 மடங்கு. 60 பாகையில் கயிற்றுப் பாரம் அப்படியே. 30 பாகையில் பாதிதான். ஆகக் கப்பி தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு: இங்கே கயிறு எத்தனை பாகை வளைகிறது, எவ்வளவு அடிக்கடி ஓடுகிறது. எங்களுக்கு இது பிடிபட மூன்று மாதமும் ஒரு வீங்கின மண்டையும் செலவானது.

மண்டைக் கதையையே முதலில் சொல்கிறேன். கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைகளுக்குக் குறைவில்லை. கிணற்றுக் கப்பி, துணிக்கொடிக் கப்பி, நாகம் பூசிய இரும்புக் கப்பி எல்லாம் சில நூறு ரூபாவில் இருந்து கிடைக்கும். முதல் சனிக்கிழமையே போய் நாலு வாங்கி மெயின்ஷீட்டில் மாட்டிவிட்டோம். வாவிக்குள் இறங்கி அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை, ஒரு காற்று அடித்தது, நண்பன் கயிற்றை இறுக்கிப் பிடித்து வெளியே சாய்ந்தான், பூம் நுனியில் இருந்த கப்பியின் கொக்கி மெல்ல நிமிர்ந்து விட்டுக்கொடுத்தது. அவன் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போனான், விடுபட்ட கப்பி கயிற்றோடு சுழன்று வந்து என் நெற்றியில் விழுந்தது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே "மச்சான், கப்பி எங்கே?" என்று கேட்கிறான். என் மடியில்தான் கிடந்தது.

கடைக்காரர் மேல் பிழை சொல்ல மாட்டேன். அந்தக் கொக்கி துணிக்கொடிக்கு வளைத்தது. ஹாட்வெயார் கப்பிகளில் வேறும் சில சிக்கல் உண்டு. உருளைக்கும் கன்னத்துக்கும் இடையில் இடைவெளி அதிகம், 6 மில்லிமீற்றர் கயிறு தளர்ந்தால் அதற்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். கன்னத்தின் விளிம்பு தகடு வெட்டியபடியே கூராக இருக்கும். நாகப் பூச்சு உருளை சுற்றும் இடத்தில் தேய்ந்து, மூன்றாம் கிழமையே பாயில் துருக்கறை வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித் தருவதையும் கொஞ்சம் பார்த்து வாங்குங்கள். காந்தத்தில் நன்றாக ஒட்டினால் அது கடலுக்கு ஆகாத மலிவு ரகம். ஒட்டவில்லை என்பதற்காக நல்லது என்றும் ஆகாது, ஸ்டெயின்லெஸ் ரகங்களான 304ஐயும் 316ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. 316இல் இருக்கும் மொலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது, அது கண்ணுக்கும் காந்தத்துக்கும் தெரியாது. நம்பகமான கடையில் கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஹாட்வெயார் கப்பிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. படகைக் கரைக்கு இழுக்க, கொட்டிலில் பாய்மரத்தைத் தூக்கிக் கட்ட. படகுக்குள் வேண்டாம்.

அடுத்து வளையம். சந்தையில் உராய்வு குறைந்த வளையம் என்று விற்கிறார்கள். சுற்றும் பாகம் எதுவும் இல்லை, கடினமாக அனோடைஸ் செய்த அலுமினிய வளையம், உட்பக்கம் வழுவழுவென்று உருண்டையாக இருக்கும், கயிறு அதற்குள்ளால் வழுக்கிக்கொண்டு போகும். முறிய ஒன்றுமில்லை, மணல் போய்ச் சிக்க இடமில்லை, உருளை சின்னப் பந்துகள் மேல் சுற்றும் பந்து பேரிங் கப்பியை விட விலை நன்றாகக் குறைவு. இதற்குப் பதிலாகக் கயிற்றுக் கண்ணுக்குள் வைக்கும் ஸ்டெயின்லெஸ் திம்பிளைப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். முகத்துவாரத்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் திம்பிள் இருக்கிறது, வளையத்தின் விலையில் சிறு பங்குதான். ஆனால் வாய் மூடிய உருண்டைத் திம்பிளாகப் பார்த்து எடுக்க வேண்டும், வாய் திறந்த கண்ணீர்த்துளி வடிவமானதில் கயிறு பிளவுக்குள் போய் அறுபடும்.

வாங்கிய எதையும் அப்படியே மாட்டாதீர்கள். ஒரு சிறு துண்டு பஞ்சை உட்பக்கம் முழுக்கத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். எங்கேயாவது நார் பிடித்துக்கொண்டு நின்றால் அங்கே பிசிர் இருக்கிறது. 400 வோட்டர் பேப்பரில் தொடங்கி 800, 1200 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போகும். நான் வாங்கிய ஆறு திம்பிளில் நாலில் பஞ்சு நின்றது. விரலால் தடவியபோது ஒன்றுமே தெரியவில்லை.

இனிக் கணக்கு. வளையத்தில் கயிறு வழுக்கும்போது உண்டாகும் இழப்பு வளையம் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததல்ல, கயிறு எத்தனை பாகை சுற்றுகிறது என்பதையும் உராய்வுக் குணகத்தையும்தான் பொறுத்தது. வளையம் சிறுத்தால் கயிற்றின் ஆயுள் குறையும், அது வேறு. குணகம் 0.1 என்று வைத்துக்கொண்டால் 30 பாகைக்கு 5 சதவீதம் கூடுதலாக இழுக்க வேண்டும், 90 பாகைக்கு 17, 180 பாகைக்கு 37. முதல் எண்ணைப் பார்த்து எனக்குச் சந்தோசம், கடைசி எண்ணைப் பார்த்து நம்பிக்கை வரவில்லை, வெள்ளவத்தையில் எங்கள் பல்கனிக் கம்பியிலேயே சோதித்துப் பார்த்தேன். 10 லீற்றர் தண்ணீர்க் கலனை ஒரு நுனியில் கட்டி, மறுநுனியில் மீன்காரர் வைத்திருப்பது போன்ற தொங்கு தராசை மாட்டி மெதுவாக இழுத்தேன். நண்பன் கிளப்பில் இரவல் வாங்கிவந்த பந்து பேரிங் கப்பி பத்தரைக் கிலோ காட்டியது. வளையமும், டைனீமா என்ற மிகப் பலமான செயற்கை நார்க் கயிறும் பதின்மூன்றரை. திம்பிளும் சாதாரணப் பொலியெஸ்டர் கயிறும் பதினாறு. கீழ்வீட்டு அன்ரி எட்டிப் பார்த்து "தண்ணி வரேல்லையா தம்பி?" என்று கேட்டார்.

பத்துக்குப் பதின்மூன்றரைதானே என்று தோன்றும். ஆனால் இழப்பு அடுக்கடுக்காகப் பெருகும். கை இழுப்பை நாலு மடங்காக்கும் மெயின்ஷீட்டில் நாலு கப்பியும் பந்து பேரிங் என்றால், ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் போனாலும், கடைசியில் கைக்கு மூன்றரை மடங்கு மிஞ்சும். அதே நாலு இடத்தில் வளையம் போட்டால் இரண்டு மடங்கு கூட மிஞ்சாது, 1.9 சொச்சம். 63 கிலோப் பாரத்துக்குக் கையில் 18 கிலோ பிடிப்பதா, 32 கிலோ பிடிப்பதா? அதை விட மோசம், காற்று திடீரென்று அடிக்கும்போது கயிற்றை விட வேண்டும், உராய்வு விடவிடாது, பூம் வெளியே போகாது, படகு கவிழும். வளையத்தை மெயின்ஷீட்டில் போட்டுவிட்டு ஒரு கப்பிக் காசு மிச்சம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இதே வளையம் கிக்கருக்கு அருமையான சாமான். கிக்கரில் பாரம் அதிகம், ஓட்டம் குறைவு, ஒரு பக்கம் ஓடும்போது இரண்டு தடவை இறுக்குவோம், அவ்வளவுதான். ஒரே கயிற்றை நாலு தடவை சுற்றாமல், இரண்டு மடங்கை இன்னொரு இரண்டு மடங்கு இழுப்பது போல அடுக்கினால் இரண்டே வளையத்தில் மூன்று மடங்கு மிஞ்சும். மூன்று அடுக்கு வைத்தால் பெயருக்கு எட்டு மடங்கு, உண்மையில் ஐந்துக்குக் கொஞ்சம் மேல். எங்கள் படகுக்கு அது தாராளம். அடுக்கில் கயிறு ஓடும் தூரம் குறுகிவிடும் என்பதால் மெயின்ஷீட்டுக்கு இந்த வித்தை சரிவராது.

வளையத்தைக் கட்டுவதற்கு ஷக்கிள் என்ற ஸ்டெயின்லெஸ் கொளுவி வேண்டாம், டைனீமாவில் ஒரு கண் போட்டுக் கட்டினால் போதும். 5 மில்லிமீற்றர் டைனீமா இரண்டு தொன்னுக்கு மேல் தாங்கும், எங்கள் பாரத்துக்கு அது யானைக்குக் கட்டும் கயிறு. ஆனால் முடிச்சுப் போட்டால் அந்தப் பலத்தில் பாதிக்கு மேல் போய்விடும், போதாக்குறைக்கு வழுக்கி அவிழும். உள்ளே நுழைத்துப் பின்ன வேண்டும். நுழைக்கும் நீளம் கயிற்று விட்டத்தின் 72 மடங்கு என்பது வழக்கம், 5 மில்லிமீற்றருக்கு 36 சென்ரிமீற்றர். முதல் பின்னலுக்கு எனக்கு ஒரு இரவு போனது, பத்தாவது பத்து நிமிடம்.

மரம். இதில்தான் எனக்கு ஆசை அதிகம், ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி கடல் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது 1938இல். ஹார்கன் சகோதரர்களின் பிளாஸ்டிக் பந்து பேரிங் கப்பி வந்தது 1960களில். அதற்கு முன்னும் கப்பல்கள் ஓடத்தான் ஓடின. பிரித்தானியக் கடற்படைக்குக் கப்பி அவ்வளவு பெரிய தலையிடியாக இருந்ததால்தான் போர்ட்ஸ்மவுத்தில் மார்க் புரூனெலும் ஹென்றி மோட்ஸ்லேயும் கப்பி செய்வதற்கென்றே இயந்திரங்கள் அமைத்தார்கள், 1808இல் வருடத்துக்கு 130,000 மரக் கப்பி அங்கே இருந்து வந்தது. அந்தக் காலத்தில் உருளைக்கு லிக்னம் விட்டே என்ற மரம், எண்ணெய் அதற்குள்ளேயே இருக்கும். நமக்குப் பாலை மரம் இருக்கிறது, முதிரை இருக்கிறது. பாலை தண்ணீரில் போட்டால் தாழும், அவ்வளவு இறுக்கம்.

மொறட்டுவையில் தச்சுப் பட்டறைக்குப் பஞ்சமில்லை, பொல்கொடவுக்குப் போகிற வழிதான். ஒரு தச்சுப் பாஸிடம் பழைய பாலைத் தூண் துண்டு கொடுத்து, நடுவில் துளையும் சுற்றிக் கயிறு பதிய ஒரு பள்ளமுமாக, வடை மாதிரி நாலு கடைந்து தரச் சொன்னோம். உளி இரண்டு தடவை மழுங்கியது என்று திட்டிக்கொண்டே தந்தார். உருளை உள்ள கப்பி அல்ல, வெறும் கண், கயிறு துளைக்குள்ளால் வழுக்கும். ஆளிவிதை எண்ணெயில் மூன்று நாள் ஊறவைத்தோம். இவற்றை முன்பாய்க்குப் போட்டோம். கயிறு அங்கே ஏறக்குறைய 50, 60 பாகைதான் வளைகிறது, 26 கிலோதான் பாரம், இழப்பு கைக்குத் தெரியவில்லை. 180 பாகையில் மட்டும் மரக்கண் போடாதீர்கள். பல்கனித் தராசில் பதினேழைத் தாண்டியது.

உருளையோடு கூடிய கப்பியைக் கையால் செய்யவே முடியாதா என்றால், முடியும். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனங்களுக்கு நைலோன் புஷ் கடையும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. 40 மில்லிமீற்றர் விட்டத்தில் பள்ளம் வைத்து உருளை கடையச் சொன்னால் "இது என்ன வாகனத்துக்கு தம்பி?" என்று கேட்பார்கள். பாய்ப்படகு என்றேன். பட்டறைக்காரர் ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டு, கூலியில் ஐம்பது ரூபா குறைத்தார். அச்சுக்கு 8 மில்லிமீற்றர் போல்ட், ஆனால் மறை இல்லாத வழுவழுப்பான பகுதி உருளைக்குள் வரும்படி நீளமான போல்ட் எடுத்து வெட்ட வேண்டும், மறை உள்ளே வந்தால் அரம் மாதிரி நைலோனைத் தின்றுவிடும். கன்னத்துக்கு 2 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் தகடு.

செய்து முடித்தபோது விரலால் தட்டினால் வெகுநேரம் சுற்றியது. பெருமையாக இருந்தது. நண்பன் சந்தேகப் பேர்வழி, அதை வாளித் தண்ணீரில் போட்டு இரண்டு கிழமை மறந்துபோனான். எடுத்தபோது அசையவில்லை. நைலோன் தண்ணீரைக் குடித்து ஊதும். நாங்கள் காகிதம் நுழையாத அளவுக்கு நெருக்கமாகச் செய்து வைத்திருந்தோம். இரண்டாம் தரம் இரு பக்கமும் அரை மில்லிமீற்றர் விட்டோம், துளையையும் கொஞ்சம் பெருப்பித்தோம், இப்போது ஊதினாலும் சுற்றுகிறது. அசிட்டால் என்ற பிளாஸ்டிக் கிடைத்தால் அதையே எடுங்கள், டெல்ரின் என்று கேட்டால் சில பட்டறைக்குத் தெரியும், அது தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. சமையலறை வெட்டுப் பலகையில் இருந்து உருளை வெட்டலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. வெட்டினோம். சின்னக் கயிற்றுக்குப் பரவாயில்லை, பாரம் ஏறினால் பள்ளம் நசிந்துபோகிறது, வீட்டில் பலகைக்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

சிலைடிங் ஜன்னல் சில்லு, கேற் சில்லு இரண்டையும் ஒரே வரியில் முடிக்கலாம்: உள்ளே இருப்பது சாதாரண உருக்குப் பேரிங், உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது. முப்பரிமாண அச்சில் கப்பி எடுத்துத் தருகிறேன் என்று ஒரு தம்பி வந்தான். அதற்கு எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸில் இளகும். பங்குனி வெயிலில் மூடி வைத்த படகுக்குள் கையை வைத்துப் பார்த்தவர்கள் இந்த யோசனைக்குப் போக மாட்டார்கள்.

கடைசியாக, நாங்கள் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. கிளப்புகளில், கரைகளில், இனி ஓடவே ஓடாத படகுகள் கிடக்கும். அவற்றில் பழைய கப்பிகள் வெயிலில் வெளிறிப்போய்த் தொங்கும். சொந்தக்காரரைத் தேடிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு போத்தலுக்கோ சாப்பாட்டுக்கோ தந்துவிடுவார்கள். சுற்றாத கப்பி பழுது என்று எறிய வேண்டாம். சுடுநீரில் சவர்க்காரம் கலந்து ஒரு இரவு ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிச் சுற்றிப் பாருங்கள், பாதி எழும்பும். உப்பும் மண்ணும்தான் பிடித்து வைத்திருக்கும். பிளாஸ்டிக் பந்து உள்ளவற்றுக்கு எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள், அது மண்ணைப் பிடித்து வைத்து அரைக்கும். கன்னத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மட்டும் எறியுங்கள்.

ஆக இப்போது எங்கள் படகில் என்ன இருக்கிறது என்றால், மெயின்ஷீட்டில் நாலும் உண்மையான பந்து பேரிங், மூன்று பழையது, ஒன்று மட்டும் வெளிநாட்டில் இருந்து புதிதாக எடுத்தது. அது ஒரு பக்கம் மட்டும் சுற்றிக் கயிற்றைப் பிடித்துக் கொடுக்கும் ராட்செட் கப்பி. அதை யாரும் பட்டறையில் செய்ய முடியாது, விலையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன், வாங்கினபின் ஒரு நாளும் கவலைப்படவில்லை. கிக்கரில் மூன்று வளையம். முன்பாய்க்குப் பாலைக் கண் இரண்டு, மிச்சம் இரண்டு கையிருப்பு. சின்னக் கயிறுகளுக்கு நைலோன் உருளை ஒன்று, திம்பிள் ஒன்று.

எந்தக் கையால் செய்த சாமானையும் ஏற்றுவதற்கு முன் கொட்டில் கூரையின் குறுக்கு மரத்தில் கட்டி நானும் அவனும் சேர்ந்து தொங்குவோம். இரண்டு பேரும் சேர்ந்து 140 கிலோ வரும், மெயின்ஷீட்டில் 180 பாகை வளைந்தாலும் விழுவது 126. நான் வெள்ளவத்தையில் நன்றாகச் சாப்பிடுகிறவன் என்பதால் அந்தப் பக்கம் இடைவெளி கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. இடப்பக்கத்துப் பாலைக் கண்ணில் போன கிழமை நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு தெரிந்தது, சித்திரை முடியமுன் கையிருப்பில் இருந்து ஒன்றை மாற்ற வேண்டும்.